பின்சீட்டில் உட்கார்ந்த எஞ்சின்

கீழ ஊத்தாம்பாறைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். பிறகு வருத்தப்படுவது சொன்னவராகத்தான் இருக்கும். அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்த ஆறுமுகநயினாரும் ஊர்க் குணத்தில் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

நயினாரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. அவருடைய மகள் செண்பகவல்லிக்கு மூத்தது. தட்டையான ரோட்டில் நன்றாக ஓடும். மேட்டைக் கண்டால் இருமும், குலுங்கும், நின்றுவிடும். மகளைச் சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்த புதிதில் சம்பந்தி கோமதிநாயகத்தை அதில் ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். வழியில் ரயில்வே மேம்பாலம். பாதி ஏறியதும் கார் நின்றுவிட்டது. சம்பந்தி சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். தள்ளி முடித்துவிட்டு, தினமும் கொஞ்ச தூரம் நடக்கணும்னு டாக்டரே சொல்லியிருக்கார் என்று வேறு சொன்னார். திட்டியிருந்தால்கூட நயினார் மறந்திருப்பார். அந்த ஆறுதல்தான் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது.

இப்போது செண்பகவல்லிக்கு ஏழாவது மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் பிள்ளையைத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். சம்பந்தி போன் போட்டு, நீங்கள் சிரமப்பட வேண்டாம், எங்கள் காரிலேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்றார். நயினாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"எம் பிள்ளையை எங் கார்லதான் கூட்டிட்டு வருவேன். அந்தப் பாலத்து வழியாத்தான் வருவேன்" என்று மனைவி வடிவிடம் சொன்னார்.

வடிவு வளைகாப்புக்கு முதல் நாளே பஸ்ஸில் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

தூத்துக்குடியில் பழைய கார் சாமான் விற்கும் அசனார் பாய் ஒரு வழி சொன்னார். பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே கம்பெனியின் புது மாடல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினை வைத்துவிட்டால் மேம்பாலம் என்ன, மலையே ஏறும் என்றார். எஞ்சின் ஒரு குட்டி யானை வேனில் வந்து இறங்கியது. மாட்டித் தர வேண்டிய ஃபிட்டர் மட்டும் வரவில்லை. அவருக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமையோ காத்திருக்காது. நாமே மாட்டிவிடலாம், சந்தேகம் வந்தால் பாயிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று நயினார் துணிந்தார்.

துணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் வடிவின் தம்பி உத்தண்டராமன். எந்த வேலையானாலும் அத்தானுக்கு முன்னால் நிற்பான். இன்னொருவர் சைக்கிள் கடை ஜெபமணி. இரண்டு சக்கரம் தெரிந்தவருக்கு நான்கு சக்கரத்தில் பாதியாவது தெரியும் என்று ஊரில் ஒரு மரியாதை அவருக்கு இருந்தது.

பாய் போனில் முதலில் சொன்னது இதுதான்: வயரையெல்லாம் கழட்டும் முன்னால் ஒவ்வொன்றிலும் அடையாளம் போட்டு வையுங்கள், அப்போதுதான் மாட்டும்போது குழப்பம் வராது. உத்தண்டராமன் வீட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, ஒரு வயர் விடாமல், எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஒரே மாதிரி பொட்டு வைத்தான். எந்த வயரும் விட்டுப்போகவில்லை என்று ஜெபமணி சரிபார்த்தார். பிறகு கழட்டினார்கள்.

அடுத்து, எஞ்சினில் சங்கிலியைப் போட்டு மேலே தூக்கச் சொன்னார் பாய். மில்லுக்கு முன்னால் நின்ற பூவரச மரத்தில் செயின் கப்பியை மாட்டி மூன்று பேரும் இழுத்தார்கள். எஞ்சின் மேலே வந்தது. கூடவே காரின் முன்பக்கமும் வந்தது. முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றின. நயினார் போனை எடுத்து, எஞ்சின் நல்லபடியாக வந்துவிட்டது, துணைக்குக் காரும் வந்திருக்கிறது என்று தகவல் சொன்னார். பாய், போல்ட்டைக் கழட்டினீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் முதலிலேயே அதைச் சொல்லவில்லை என்பதை நயினார் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். கார் தொங்கியபடியே போல்ட்டுகளைக் கழட்டினார்கள். கடைசி போல்ட் வந்ததும் கார் தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. எஞ்சின் மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஜெபமணி சுற்றிவந்து பார்த்தார். "எஞ்சின் நின்ன இடத்துலதான் நிக்கு. காரைத்தான் கழட்டியிருக்கோம்" என்றார்.

இத்தனை வருஷம் உழைத்த எஞ்சினை அழுக்கோடு ஓரங்கட்ட நயினாருக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெய் வாங்கிவந்து, பெட்ரோல் போகிற கார்புரேட்டரின் அடைத்துப்போன துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தி, ஊதி, துடைத்து, எஞ்சினை மேலிருந்து கீழ்வரை குளிப்பாட்டினார்கள். மாவும் மண்ணும் பிசுக்குமாக ஒரு வாளி அழுக்கு வந்தது. குளித்து முடித்த எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நயினாருக்குக் கண் கலங்கியது.

இனிப் புது எஞ்சின். அதை வைக்கும் முன்னால் உத்தண்டராமனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இன்ஜெக்‌ஷன் எஞ்சின்னுதானே பாய் சொன்னாரு, அத்தான்? ஊசியைப் போட்டு அனுப்பியிருக்காரா, நாமதான் போடணுமா?"

நயினார் யோசித்தார். "போட்டிருந்தா சொல்லியிருப்பாரு, மாப்ளே."

"மாட்டுக்குப் போடுற மாதிரி குளிருக்கு முந்திப் போடணுமோ என்னவோ" என்றார் ஜெபமணி.

அந்த வழியாக வந்த நர்ஸ் கிரேஸியை நிறுத்திக் கேட்டார்கள். கிரேஸி அந்த ஊரில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டவர். எஞ்சினைச் சுற்றி நடந்து, இடுப்பு எது கை எது என்று தெரியவில்லை, ஊசி வேண்டாம், தொட்டுப் பாருங்கள், சுட்டால் மட்டும் எனக்குச் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உத்தண்டராமன் மணிக்கொரு தரம் புறங்கையை வைத்துப் பார்த்தான். எஞ்சின் குளுகுளுவென்று இருந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

மாட்டுகிற கட்டத்தில் பாய் அவசரத்தில் இருந்தார். கடையில் கூட்டம். "அண்ணாச்சி, ஒண்ணும் பயப்படாதீங்க. கழட்டினதை அப்படியே திருப்பி மாட்டுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மூவரும் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து இதைப் பற்றி ஆலோசித்தார்கள்.

"கழட்டினது எது?" என்று கேட்டார் ஜெபமணி.

"பழைய எஞ்சின்" என்றார் நயினார்.

"அப்ப அதைத்தான் திருப்பி மாட்டணும். புதுசை நாம கழட்டவே இல்லையே."

நயினாருக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. ஆனால் எவ்வளவு யோசித்தும் ஜெபமணியின் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய எஞ்சினையே கப்பியில் ஏற்றி, பழைய இடத்தில் வைத்து, பழைய போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினார்கள். மஞ்சள் பொட்டு வைத்த வயரை மஞ்சள் பொட்டு வைத்த வயரோடு சேர்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது, இடது பக்க விளக்கைப் போட்டால் வைப்பர் ஓடியது. எதுவும் சும்மா இல்லை என்பதில் உத்தண்டராமனுக்குத் திருப்தி.

சாயங்காலம் பாயே கூப்பிட்டார். புது எஞ்சின் நல்லா உட்கார்ந்துவிட்டதா, எஞ்சின் சரியாக உட்காருவதுதான் முக்கியம் என்றார். இதோ உட்கார வைக்கிறோம் என்றார் நயினார். பின்கதவைத் திறந்து, மூன்று பேருமாகத் தம் பிடித்துத் தூக்கி, புது எஞ்சினைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். சீட் அழுக்காகாமல் இருக்கக் கீழே ஒரு பழைய போர்வை. ஜெபமணி எட்ட நின்று பார்த்து, சாய்ந்து வசதியாகவே உட்கார்ந்திருக்கிறது என்றார். நயினார் அதை அப்படியே பாயிடம் சொன்னார். பாயும் சந்தோஷப்பட்டார்.

மிச்சம் இருந்தது ஒரு சின்னப் பெட்டி. அதுதான் இந்த எஞ்சினுக்கு மூளை, தண்ணீரும் சூடும் படாமல் வையுங்கள் என்று பாய் சொல்லியிருந்தார். மூளை தலையில்தானே இருக்க வேண்டும் என்று காரின் கூரைமேல் வைத்துக் கட்டினார்கள். தண்ணீருக்குப் பாலிதீன் பை, வெயிலுக்கு ஈரத்துண்டில் ஒரு தலைப்பாகை.

"மூளையே இல்லாம இத்தனை வருஷம் எப்படித்தான் ஓட்டினோமோ" என்றான் உத்தண்டராமன். மற்ற இருவரும் அதை ஆமோதித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். நயினார் ஓட்டினார். ஜெபமணி பக்கத்தில். உத்தண்டராமன் பின்னால், எஞ்சினோடு ஒடுங்கி, அதன்மேல் புறங்கையை வைத்தபடி. மேம்பாலம் கண்ணில் பட்டதும் நயினார் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். சம்பந்தி தள்ளிய இடம் வந்தது. கார் இருமவில்லை, குலுங்கவில்லை. சர்ரென்று ஏறி உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கியது.

"சுடுதா, மாப்ளே?" என்று கேட்டார் நயினார்.

"ஜில்லுனு இருக்கு, அத்தான். இவ்வளவு மேட்டை ஏத்திட்டு அலட்டிக்கவே இல்லை."

சங்கரன்கோவிலில் சம்பந்தி வாசலுக்கே வந்தார். தலைப்பாகையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். எஞ்சினைப் பின்னாலேயே வைத்துவிட்டீர்களே என்று மரியாதையாகக் கேட்டார். பெரிய பெரிய பஸ்ஸுக்கெல்லாம் இப்போது பின்னால்தான் என்றார் நயினார். சம்பந்தி அதைக் கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். நயினாரின் நெஞ்சில் நின்ற முள் அன்றைக்குத்தான் விழுந்தது.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. கிளம்பும்போதுதான் சிக்கல் வந்தது. செண்பகவல்லி பின்கதவைத் திறந்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றியபடி அப்படியே நின்றாள்.

"நான் எங்கப்பா உட்காருறது?"

நயினார் எஞ்சினைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இரண்டும் காரில் போகவேண்டியவை. எதை விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்சீட்டில் மகளை வைத்தால், உத்தண்டராமன் ஒடுங்கி வந்த சந்தில் வடிவுக்கு இடம் போதாது. எஞ்சினை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று உத்தண்டராமன் கேட்டபோது வடிவு அவனைப் பார்த்த பார்வையில் அவன் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டான்.

கடைசியில் நயினார் குரலைத் தாழ்த்தி, "எஞ்சின் இங்கேயே இருக்கட்டும், சம்பந்தி. வண்டி நின்னா நின்னுட்டுப் போகுது. பிள்ளைதான் முக்கியம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது சம்பந்திக்குப் புரிந்தது. அவரே ஒரு கை கொடுத்து எஞ்சினை இறக்கி, முன்கூடத்தில் கோரைப்பாயை விரித்து, சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். மிஞ்சிய கண்ணாடி வளையல்களை யாரோ பிள்ளைகள் அதன் குழாயில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

வடிவும் செண்பகவல்லியும் பின்னால் உட்கார, ஜெபமணி முன்னால் உட்கார, நயினார் பயத்தோடு சாவியைத் திருப்பினார். கார் உடனே எடுத்தது. மேம்பாலம் வந்தது. இறங்கித் தள்ள நேருமே என்று ஜெபமணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொண்டார். கார் சர்ரென்று ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

நயினார் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. ஜெபமணி வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"புது எஞ்சின், அண்ணாச்சி. அது அங்க உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து இழுக்குது. மூளை மேல இருந்து சொல்லுது, அது அங்கருந்து செய்யுது. செல்போன் மாதிரி."

நயினாருக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. இவ்வளவு தூரம் இழுக்கிற எஞ்சின் காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லையே. உடனே சம்பந்திக்குப் போன் போட்டு, சிரமம் பார்க்காமல் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றும்படி கேட்டுக்கொண்டார்.

வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது சம்பந்தியே கூப்பிட்டார்.

"நீங்க சொன்னபடி ஒரு சொம்பு ஊத்தியாச்சு, சம்பந்தி. ஆனா இங்க ஒரு சத்தமும் வரலையே. ஓடுதா என்னன்னே தெரியலை."

நயினார் போனைக் காதிலிருந்து எடுத்து, இன்னும் அணைக்காத காரின் முன்பக்கம் வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் காதில் வைத்தார்.

"கேட்டுச்சா, சம்பந்தி? சத்தமெல்லாம் இங்க சரியா வந்துட்டிருக்கு. வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டோம். இனி நீங்க அதை அணைச்சிரலாம்."