மலைக்குப் போன ஒற்றை ஃபைல்

"என்ற லேப்டாப்புல ஓடுதுங்க அம்மிணி. அங்க ஓட மாட்டேங்குது. அந்த மிஷின்லதான் என்னமோ கோளாறு."

இப்படிப் புலம்பிக்கொண்டே படியேறி வந்தார் நாச்சிமுத்து.

தெய்வானை தலையைத் தூக்கவில்லை.

"அங்க நெட் இருக்குதுங்களா சார்?"

"இல்லீங்க."

"உங்க வீட்டுல?"

"இருக்குதுங்க."

"செரி" என்றாள். மறுபடியும் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பதில் அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸ் பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டிக்கு மேலே, மாடியில் இருக்கிறது. தெய்வானைக்கு முப்பது வயது. புரோகிராம் எழுதுவதில் அவளை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது, இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன். நாச்சிமுத்துவுக்கு அறுபது. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, எனக்கும் இதைச் சொல்லிக் கொடு என்று இவளிடம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். தெய்வானை மட்டும் சார் என்பாள்.

"இங்க நீங்க வாத்தியார் இல்லீங்களே" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மனுஷர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

அடுத்த மேஜையில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்க்க நான் கொடுத்து வைத்திருந்தேன்.

வாத்தியார் எழுதிய புரோகிராம் சின்னதுதான். பச்சைக் குழந்தையின் எடையைப் போட்டால், எந்த மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தமிழில் சொல்லும். அளவுகளை டாக்டர் ஒருவர் கூடவே உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்திருந்தார்.

அது போக வேண்டிய இடம், மலைமேல் ஒரு டீ எஸ்டேட் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸ் எமில்டா சிஸ்டர் ஒருவர்தான். போன மழையில் ரோடு அடைபட்டுக் கிடந்தபோது, அவசரத்தில் போட்ட கணக்கு தப்பி, ஒரு குழந்தைக்கு மருந்து கூடிப்போய்விட்டது. பிழைத்ததே பெரும்பாடு. அதிலிருந்து ஊசியை எடுத்தாலே சிஸ்டருக்குக் கை நடுங்குகிறதாம்.

அடுத்த மழை இறங்குவதற்குள் புரோகிராம் மலையேறி, அங்கே ஓடியாக வேண்டும்.

முதலில் அனுப்பியது அங்கே திறக்கவே இல்லை. அதற்குத்தான் இந்தப் புலம்பல்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெய்வானை எழுந்து, அலமாரியில் இருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் சிஸ்டம் மட்டும் போட்டது. நெட்டும் கிடையாது.

"இதுல ஓட்டிக் காட்டுங்க சார்."

ஓடவில்லை. ஒரு லைப்ரரி இல்லை என்றது.

லைப்ரரி என்றால் வேறொன்றுமில்லை. யாரோ முன்னமே எழுதி வைத்த துணைப் புரோகிராம். எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொண்டிருந்தால் தலை நரைத்துவிடும், இருப்பதை நெட்டில் இருந்து எடுத்துப் பயன்படுத்திக்கொள்வோம்.

வாத்தியார் அதைக் கொண்டு வந்து சேர்த்தார். அது, எனக்கு இன்னொரு லைப்ரரி வேண்டும் என்றது. அதையும் சேர்த்தார். அது வேறொன்றைக் கேட்டது. விருந்துக்கு மாமனைக் கூப்பிட்டால், மாமன் மச்சானைக் கூட்டிக்கொண்டு, மச்சான் தன் சகலையைக் கூட்டிக்கொண்டு வந்த கதைதான்.

"அட சாமி! இத்தனை பேரு இதுக்குள்ள வேலை செஞ்சுட்டு இருந்தாங்களா அம்மிணி?"

"ஆமாங்க."

"நான் மட்டும்தான் எழுதினேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தானுங்க நெனைக்கறோம்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் தெரியாத யார் யாரோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து எழுதியது, மலைமேல் ஒரு குழந்தைக்கு மருந்து அளக்கப் போகிறது. எனக்கே ஒரு மாதிரி சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, பென்டிரைவில் ஏற்றி, எஸ்டேட் ஜீப்பில் கொடுத்தனுப்பினார். எதையும் அழிக்க வேண்டாம் என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி அதோடு சேர்த்து ஒட்டியும் வைத்தார். வாத்தியார் இல்லையா.

சிஸ்டர் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து வந்தால்தான் கிடைக்கும்.

"சார், பென்டிரைவ் வந்துச்சு. என்ன சார், ஒரே குப்பையா இருந்துச்சு? மருந்துன்னு பேர் போட்டிருந்ததை மட்டும் எங்க கம்ப்யூட்டர்ல வச்சுக்கிட்டு மிச்சத்தையெல்லாம் துடைச்சுட்டேன்."

வாத்தியார் தலையில் கை வைத்தார்.

"இப்ப ஓட மாட்டேங்குது சார்."

"ஓடாதுங்க சிஸ்டர்."

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பாப்போம். மழை எறங்கிட்டா ஜீப் வராது. இதுவும் சரியா வரலைன்னா விட்டுடுங்க, நான் பழையபடி விரல்விட்டே எண்ணிக்கறேன்."

போனை வைத்ததும் வாத்தியார் குதித்தார்.

"துடைச்சுப்போட்டாங்களாமா! துடைக்காதீங்கன்னு எழுதியே வச்சிருந்தேனே! படிக்கறதுக்கு என்ன வந்துச்சு?"

தெய்வானை அவரைக் கொஞ்சம் குதிக்க விட்டாள்.

"நாளைக்குச் சோறு கொண்டாராதீங்க சார். உங்குளுக்கும் சேர்த்து நானே கொண்டாறேன்" என்றாள்.

மறுநாள் மதியம். நல்ல பசி. தெய்வானை ஒரு துணிப்பையை எடுத்து வாத்தியாரிடம் கொடுத்தாள்.

உள்ளே ஒரு பொட்டலம் அரிசி. ஒரு உருண்டை புளி. உப்பு ஒரு தாளில், மஞ்சள்தூள் ஒரு தாளில். வரமிளகாய், நிலக்கடலை, சின்னச் சீசாவில் நல்லெண்ணெய். அடியில் ஒரு துண்டுப் பேப்பர். அதில் கொட்டை எழுத்தில், எதையும் தொலைக்க வேண்டாம்.

"என்னுங்க இது?"

"புளிச்சோறு."

எனக்குப் புரையேறிவிட்டது. வாத்தியார் பேப்பரைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்து முறைத்தார்.

தெய்வானை தன் பொட்டலத்தைப் பிரித்தாள். வாழை இலைக்குள் கட்டிய புளிச்சோறு, மாடி முழுக்க மணம். பாதியைப் பிரித்து, இலையோடு அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை.

"ஒரே ஃபைல்" என்றார்.

"சாப்பிட்டுட்டு எந்திரிங்க சார்."

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமா? புரோகிராமையும் அது கேட்கும் அத்தனை லைப்ரரியையும் சேர்த்து ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுக்க ஒரு கருவி இருக்கிறது. ஒன்றை எடுத்து வைத்தால் இன்னொன்று வெளியே நிற்கும். ஒன்றின் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒன்றாக உள்ளே போக மாட்டோம் என்று மல்லுக்கு நிற்கும். மனுஷர் விடவில்லை. கடைசியில், அந்தப் புரோகிராமை ஓட்டுகிற எஞ்சினே அதற்குள் உட்கார்ந்துவிட்டது.

துடைத்து வைத்த லேப்டாப்பில் அதைப் போட்டு, இரண்டு தட்டுத் தட்டினார். திறந்தது!

ஒன்றுமே இல்லாத மிஷினில், யாரிடமும் எதுவும் கேட்காமல், தானே திறந்து நின்றது. அடேங்கப்பா! எத்தனையோ புரோகிராம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கைதட்டினேன்.

"ரொம்பப் பெருசாப் போச்சுங்களே அம்மிணி. சின்னக் கணக்கு, இத்தனை கனமா இருக்குது."

"கட்டுச்சோறு கனமாத்தான் இருக்கும். போற எடத்துல பசிக்காதுங்க" என்றாள் தெய்வானை.

அப்படியே அனுப்பிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் என்னடா என்றால், மலை ஆஸ்பத்திரியில் இருக்கிற அதே ரகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"இப்ப நான்தான் எமில்டா சிஸ்டர். நீங்க பின்னால நில்லுங்க."

ஃபைல் திறந்தது. ஓடியது. ஆனால் திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் இல்லை. எங்கள் மிஷின் எல்லாவற்றிலும் வாங்கிய அன்றைக்கே தமிழ் இருக்கும், துடைத்து வைத்த லேப்டாப்பிலும் இருந்தது. அதைத் தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வாத்தியார் அந்தக் கட்டங்களைக் கவனிக்கவே இல்லை. அவர்தானே எழுதினார், எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம்.

"மேல இருக்கற கட்டத்துல எடையைப் போடுங்க. கிலோவுல போட்டுறாதீங்க, கிராம்ல. ஆங். அதுக்குக் கீழ, பொறந்து எத்தனை நாளாச்சுன்னு. இப்ப வலது கைப்பக்கம் இருக்கறதை அமுக்குங்க. வந்துருச்சுங்களா? மொதல்ல இருக்கறது மருந்து பேரு, அடுத்தது அளவு."

தெய்வானை சொன்னபடியெல்லாம் செய்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"நல்லா ஓடுதுங்க சார். அப்ப நீங்களும் மலையிலயே தங்கிக்கறீங்களா?"

வாத்தியார் சிரித்தார்.

பிறகு திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

உடனே தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். தமிழ் ஃபான்ட்டை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். அதோடு நிற்கவில்லை. பின்னால் நின்று வாயால் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரைக்குள் கொண்டு போனார். எடையைக் கிராமில் போடவும் என்று அதுவே சொன்னது. கிலோவில் போட்டால், இது கிலோ போல இருக்கிறது, சரிபார்க்கவும் என்றது. மருந்தின் பெயரும் அளவும், எட்ட நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் வந்தன.

மலைப்பக்கம் மேகம் கட்டிவிட்டது. அடுத்த நாள் எஸ்டேட் ஜீப் கடைசியாக ஒருமுறை மேலே போகிறது என்று தகவல் வந்தது.

"நானே கொண்டு போறேனுங்க" என்றார் வாத்தியார். படியிறங்கப் போனவர் திரும்பினார். "அங்க போயி சிஸ்டர்கிட்ட என்னென்ன சொல்லோணுமுங்க அம்மிணி?"

தெய்வானை விரலை எடுத்துத் தன் வாயில் வைத்துக் காட்டினாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் எங்களுக்கு வேலை ஓடவில்லை. மதியத்துக்கு மேல் பொள்ளாச்சியிலேயே மழை பிடித்துக்கொண்டது. மலையில் எப்படி இருக்குமோ என்று நான் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தெய்வானை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் போனை மேஜை நடுவில் எடுத்து வைத்திருந்தாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மழை இரைச்சல்.

"எங்க இருக்கீங்க சார்?"

"வளைவுல நிக்கறேனுங்க. தொப்பலா நனைஞ்சுட்டேன்."

"ஓடுச்சுங்களா?"

"அதைச் சொல்றேனுங்க. நான் போறப்பவே ஒரு குழந்தை, காய்ச்சல்ல சுருண்டு கெடந்துச்சு. எட்டு நாள் குழந்தையாமுங்க. அந்தத் தாய் முகத்தைப் பாக்க முடியல. சிஸ்டர் என்ற கையில இருந்து பென்டிரைவைப் புடுங்கிச் சொருகினாங்க. என்னமோ போட்டாங்க, திரையைப் பாத்தாங்க. ஊசியை எடுத்தாங்க."

"நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"வாயே தொறக்கலீங்க."

தெய்வானை போன் பக்கம் குனிந்தாள்.

"சிஸ்டருக்குக் கை நடுங்குச்சுங்களா?"

"அதைப் பாக்கலாம்னுதான் கிட்டப் போனேனுங்க அம்மிணி. 'வெளிச்சத்தை மறைக்காதீங்க சார், வெளியில போய் நில்லுங்க'ன்னு தொரத்திவிட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"வந்துட்டேன். வாசப்படி எறங்கறப்ப, ஊசி குத்துனதுக்குக் குழந்தை வீல்னு கத்துச்சு. நல்ல சத்தமுங்க. அரை மணி நேரம் வாசல்ல நின்னேன். சிஸ்டர் எட்டிப் பாத்து, 'பால் குடிக்குது சார், நீங்க போங்க, ரோடு அடைஞ்சுரும்'னாங்க."

மழை இரைச்சல் கூடியது. அவர் குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது.

"ஆனா அம்மிணி, அவங்க என்னைய ஒண்ணுமே கேக்கலீங்க. ஒரே ஒரு கேள்விகூடக் கேக்கல."

வருத்தமாகச் சொல்கிறாரா, சந்தோஷமாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தெய்வானை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். யாருக்கும் மரியாதைக்கென்று அவள் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ஈரத்தோட நிக்காதீங்க" என்றாள். "ஜீப்புல ஏறுங்க வாத்தியாரே."