ஊருக்கெல்லாம் சொன்ன உடும்பு

காட்டுக் குளத்தங்கரையில், நாணல் புதருக்கு அடியில், ஓர் உடும்பும் அதன் மனைவியும் குடியிருந்தன. தாழ்வான இடம். பெருமழை வந்தால் வளைக்குள் தண்ணீர் ஏறிவிடும். அந்த வருஷம் பார்த்து மனைவிக்கு முட்டையிடும் நேரம். முட்டை தண்ணீரில் கிடந்தால் குஞ்சு ஏது?

மேட்டில் இருந்த முள்ளம்பன்றி வளை தோண்டுவதில் கெட்டிக்காரன். ஒரு நாள் அது இறங்கி வந்தது.

“உடும்பண்ணே! மேட்டுல என்னோட வளை ஒண்ணு சும்மாக் கிடக்கு. மழை விடுற வரைக்கும் நீங்க இருந்துக்கோங்க. அந்தப் பக்கம் பாம்பு வராமப் பாத்துக்கிட்டாப் போதும். சம்மதமா?”

உடும்புக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்! ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டு, “பாக்கலாம், பாக்கலாம்” என்றது.

முள்ளம்பன்றி போனதும் மனைவி பிடித்துக்கொண்டது. “ஏங்க, சரின்னு சொன்னா வாய் நோகுமா?”

“உனக்கு விவரம் பத்தாது! கேட்ட உடனே சரின்னா நம்மளை இளப்பமா நெனைப்பான். இன்னொரு தடவை வந்து வருந்திக் கூப்பிடட்டும். மனசுல நான் சம்மதிச்சாச்சு. நீ கிளம்புற வழியைப் பாரு!”

அன்றைக்கே கொக்கிடம் போய், “நாங்க மேட்டுக்குக் குடி போறோம்!” என்றது. தவளையைக் கூப்பிட்டு, “புது வீட்டுக்கு வாடா, வந்து பாத்துட்டு வாயடைச்சு நில்லு!” என்றது. அணிலுக்கும் சொல்லியாயிற்று. குளத்தைச் சுற்றி அந்தச் சேதி தெரியாத உயிரே இல்லை, முள்ளம்பன்றியைத் தவிர!

மறுநாள் முள்ளம்பன்றி தண்ணீர் குடிக்க வந்தது. ‘வந்துட்டான் கெஞ்ச! கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும்’ என்று உடும்பு கண்ணை இறுக மூடிக்கொண்டது. முள்ளம்பன்றி தொண்டையைச் செருமிப் பார்த்தது. முள்ளைச் சிலிர்த்துச் சத்தம் கொடுத்துப் பார்த்தது. உடும்பு அசையவில்லை.

‘பாவம், இஷ்டமில்லை போலிருக்கு’ என்று முள்ளம்பன்றி நடையைக் கட்டியது. வழியில் குட்டிகளோடு ஒரு தாய்க் கீரி எதிர்ப்பட்டது. அதனிடமும் அதே பேச்சைச் சொன்னது.

“சரிண்ணே! பாம்புதானே? நான் பாத்துக்கிறேன். இப்பவே வர்றேன்!” என்றது கீரி.

பேச்சு முடிந்தது. கீரி குடியேறியது.

விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாணல் புதரின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. உடும்பு கவலைப்படவே இல்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி மேட்டுக்கு நடந்தது. வேடிக்கை பார்க்கக் கொக்கும் தவளையும் அணிலும் பின்னாலேயே வந்தன.

வளை வாசலில் கீரி உட்கார்ந்திருந்தது!

“யார் வீட்டுல வந்து யாரு உக்காந்திருக்கிறது? எந்திரி!” என்று உடும்பு கத்தியது.

சத்தம் கேட்டு முள்ளம்பன்றி ஓடி வந்தது. “என்னண்ணே இது?”

“எனக்குத் தர்றேன்னு சொல்லிட்டு இவளுக்குக் குடுத்திட்டியே! நான்தான் சம்மதிச்சேனே!”

“யார்கிட்ட?”

“கொக்குகிட்டச் சொன்னேன். தவளைகிட்டச் சொன்னேன். அணிலைக் கேளு!”

“என்கிட்ட?”

உடும்பு நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது.

“நேத்து வந்தேனே, அண்ணே. நீங்க கண்ணைக்கூடத் திறக்கலையே.”

“அது... மனசுக்குள்ள...”

“மனசுக்குள்ள பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்? நீங்க பேசாம இருந்ததையே சரின்னு எடுத்துக்கிட்டு, குட்டிகளோட வந்தவளைத் திருப்பி அனுப்பவா?”

தவளை மெல்ல, “முள்ளம்பன்றி அண்ணன்கிட்டச் சொல்லிட்டுத்தான் எங்ககிட்டச் சொல்றாருன்னு நெனைச்சேன்” என்றது. அணில் வாயைப் பொத்திக்கொண்டது. கொக்கு மட்டும் சிரித்தேவிட்டது.

மனைவி மழையில் நனைந்தபடி, கனத்த வயிற்றோடு, உடும்பையே பார்த்தது. அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அடி அடித்திருக்கலாம். உடும்பின் தலை மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்தது.

முள்ளம்பன்றிக்கு மனம் கேட்கவில்லை. “அந்தப் புங்க மரத்தடியில ஒரு குழி பாதி தோண்டிக் கிடக்கு. மிச்சத்தை நீங்களே தோண்டிக்கணும். பாம்புக் காவல் அந்தப் பக்கம் உங்களோடது. சம்மதமா?”

உடும்பின் வாய் பழக்கதோஷத்தில் “பாக்க...” என்று தொடங்கியது. மனைவி அதன் வாலை ஓங்கி மிதித்தது!

“சரி” என்றது உடும்பு, தலை நிமிராமல்.

“மழைச் சத்தத்துல கேக்கலைண்ணே!”

“சரி! சரி!”

எல்லோருக்கும் கேட்டது. உடும்பு யார் முகத்தையும் பார்க்காமல் போய், சேற்றில் நகம் பதித்துத் தோண்ட ஆரம்பித்தது.

சம்மதத்தை ஊருக்கெல்லாம் சொன்னாலும் பலனில்லை. கேட்டவர் காதில் வாய்விட்டுச் சொன்னால்தான் அது சம்மதம்.