சுகம் என்று பெயர் வைத்த குடம்

"எழுத்து திரும்பி வந்திடுச்சுங்க டீச்சர்."

கந்தவேல் குடத்தை மேசைமேல் வைத்தார். நீல நிறப் பிளாஸ்டிக் குடம். கழுத்துக்குக் கீழே, தோள்பட்டையில், பெரிய எழுத்தில் 'சுகம்'. கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிக் கிடந்தது.

செல்லாத்தாள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு அதிகம் வலித்தது.

கந்தவேலுக்கு நாற்பத்தெட்டு வயது. லேத்தில் இருபது வருடம் நின்றுவிட்டு, குடம் வார்க்கும் அச்சு வெட்டுகிற வேலை கற்க வந்தவர். சொல்லித்தரும் செல்லாத்தாளுக்கு முப்பத்தாறு. அவர் இவளை டீச்சர் என்பார். இவள் அவரை அண்ணா என்பாள்.

அச்சில் பள்ளமாக வெட்டினால் குடத்தில் மேடாக வரும். அச்சில் திருப்பி வெட்டினால்தான் குடத்தில் நேராக வரும். சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். கந்தவேல் ஆசை ஆசையாக நேராக வெட்டிவிட்டார். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று ஓர் அரிசி உயரத்துக்கு, கூர் குறையாமல்.

நூறு குடத்தை முதலாளி விளம்பரத்துக்காகப் பக்கத்துக் காலனியில் சும்மாவே கொடுத்துவிட்டார். நேற்றுத்தான் ஒருவர் எழுத்தைக் காட்டிச் சிரித்தாராம். இன்று சாயங்காலத்துக்குள் அச்சைத் திருத்தாவிட்டால் நாளை வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம்.

"தப்பு எங்கேன்னு தெரியுது டீச்சர். எப்படித் திருத்தறதுன்னு சொல்லுங்க."

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

அவள் அச்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காலனிக்குத் தண்ணி லாரி வருகிற நேரம், போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னாள்.

"குடத்தையா?"

"எழுத்தைண்ணா."

நாலு நாளைக்கு ஒரு லாரி. வீட்டுக்குப் பன்னிரண்டு குடம். லாரி நிற்பது ரோட்டோரம், வீடுகள் மேட்டில். நீலக் குடங்கள் வரிசையாக ஏறிப்போயின.

கந்தவேல் ஒவ்வொரு குடமாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே மானக்கேடு. இதில் படிக்க என்ன இருக்கிறது என்று திரும்பிப்போகப் பார்த்தார்.

மயிலாத்தாள் என்ற பெண் ஒன்பதாவது குடத்தை வாசலில் இறக்கினாள். குடம் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் அதை இறுக்கிப் பிடித்து வந்தது கை. குடத்தின் கழுத்தைச் சுற்றி வளைத்து, முன்கையின் உள்பக்கம் அதன் தோள்பட்டையில் அழுந்த அழுந்த.

அவள் அந்தக் கையைத் தூக்கி நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

கந்தவேல் அந்த முன்கையைப் படித்தார்.

இடம் வலம் மாறவில்லை. சிவந்து, பள்ளமாக, நேராக இருந்தது. 'சு'வின் முனையில் மட்டும் தோல் உரிந்திருந்தது.

அவர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வலிக்கிறதா என்று. அவள் பதில் சொல்லிவிட்டுப் பத்தாவது குடத்துக்கு இறங்கினாள்.

பட்டறையில் செல்லாத்தாள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"படிச்சீங்களா?"

"நேராத்தானுங்க இருக்கு."

"அப்புறமென்ன, அச்சு சரியாத்தான் இருக்கு."

கந்தவேல் வெல்டிங் மிஷினை இழுத்து வந்தார். மூன்று எழுத்தையும் அடைத்து, மட்டமாகத் தேய்த்துவிடப் போவதாகச் சொன்னார்.

"பேரில்லாம குடம் வந்தா உங்களை அனுப்பிடுவாங்கண்ணா."

"அனுப்பிடுவாங்க."

"வலிக்குதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இல்லீங்க டீச்சர். நாந்தான் வலிக்குதான்னு கேட்டேன். 'எது?'ன்னு கேட்டாங்க."