தேய்ந்த விரலும் சுவரோர மணையும்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனி இருந்தது. ஒரு நாள் அதன் கொட்டகை வாசலில் கைரேகை மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன் மிடுக்கைப் பார்த்தால் கம்பெனியே அதன் பேரில்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மனிதர்களிடம் பேச அதற்கு இரண்டே வார்த்தை தெரியும். விரலை அடையாளம் தெரிந்தால் 'தேங்க் யூ'. தெரியாவிட்டால் 'ட்ரை அகெய்ன்'. மற்ற சாமான்களிடம் மட்டும் வாய் ஓயாது.

"இனிமே இந்தக் கொட்டகையில எவளும் டிமிக்கி குடுக்க முடியாது" என்றது மாட்டிய அன்றைக்கே.

அதன் கீழே சுவரில் மணைகள் சாய்ந்திருந்தன. கொட்டை உடைக்கும் பெண்கள் உட்காரும் மணைகள் அவை, ஆளுக்கு ஒன்று. காலையில் வந்தவள் தன் மணையை எடுத்துப் போட்டு உட்காருவாள். சாயங்காலம் திரும்பச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவாள். பத்து மணிக்கு மேலும் ஒரு மணை சுவரோடு நின்றால் அவள் வரவில்லை என்று அர்த்தம். அன்று வேலை விட்டதும் பக்கத்து மணைக்காரி அவள் வீட்டுக்குப் போய் என்ன ஏதென்று கேட்டுவிட்டு வருவாள். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது.

இவ்வளவு இருக்க மெஷின் எதற்கு என்றால், அந்தப் புண்ணியம் சூப்பர்வைசர் தெய்வசிகாமணியைச் சேரும். வருகை நோட்டு அவர் கையில் இருந்தது. வேலைப் பக்கமே தலைகாட்டாத தன் மச்சானுக்கு நாலு மாதம் ஆஜர் போட்டு, கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். டவுனில் இருந்து மாதம் ஒரு தடவை வந்துபோகும் முதலாளியம்மா கோமளவல்லிக்கு அன்றோடு மனிதர் வார்த்தையில் நம்பிக்கை போயிற்று.

"பொய் சொல்லத் தெரியாத ஒண்ணு வாசல்ல இருக்கட்டும்" என்று மெஷினை வாங்கினாள். சொல்லாமல் கொள்ளாமல் மாதத்தில் பத்து நாள் வராதவர் பேர் அடிக்கப்படும் என்றும் சொல்லிவிட்டாள்.

மழைக்காலத்தில் கொட்டை வரத்து இல்லாமல் கம்பெனி இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. திறந்த அன்றுதான் மெஷினை மாட்டி, எல்லார் விரலையும் அதில் பதித்தார்கள். அஞ்சலாட்சியும் பதித்தாள். பத்தொன்பது வருஷமாகக் கொட்டை உடைப்பவள் அவள். கையுறை போட்டால் கொட்டை நழுவுகிறது என்று வெறும் கையால்தான் உடைப்பாள். அவள் கூடையில் ஒரு பருப்பு உடைசல் இருந்தால் அது அதிசயம்.

எட்டு நாள் மெஷின் அவளுக்கு 'தேங்க் யூ' சொன்னது. ஒன்பதாம் நாள், 'ட்ரை அகெய்ன்' என்றது. அவள் விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். 'ட்ரை அகெய்ன்.' பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கவே, மணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளும் அதே கதை. மற்றவர்கள் நாலாம் தடவை, ஐந்தாம் தடவையில் எப்படியோ தப்பித்தார்கள். அவள் விரல் மட்டும் பிடிபடவே இல்லை.

"இன்னிக்கும் அஞ்சலாட்சி வரல" என்றது மெஷின், சாயங்காலம்.

அவளுடைய மணைக்குப் பொறுக்கவில்லை. "என்ன பேசற நீ? காலையிலேருந்து என் மேலதான உக்காந்திருந்தா? என் முதுகு வலி எனக்குத் தெரியாதா?"

"நான் பாத்ததைத்தான் எழுதுவேன். பாக்காததை எழுத நான் என்ன தெய்வசிகாமணியா?"

"விரலையே பாக்கறியே. ஒரு தடவை அவ மூஞ்சியப் பாரேன்."

"என் கண்ணே விரல் அகலம்தான். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

மாதம் முடிந்தது. முதலாளியம்மா பட்டியலோடு வந்து கொட்டகையின் நடுவில் நின்றாள். "அஞ்சலாட்சி. பதினெட்டு நாள் வரல."

அஞ்சலாட்சி கொட்டை உடைக்கும் கட்டையைக் கீழே வைத்தாள். "நான் இங்கதாம்மா உக்காந்திருக்கேன்."

"இன்னிக்கு உக்காந்திருக்க. அந்தப் பதினெட்டு நாளு?"

"தினமும் வந்தாம்மா" என்றார் தெய்வசிகாமணி, தயங்கித் தயங்கி. "நான் என் கண்ணால பாத்தேன்."

"உங்க மச்சானையும் தினமும் கண்ணால பாத்தீங்க" என்றாள் முதலாளியம்மா. அந்த ஒரு தரம்தான் பாவம் தெய்வசிகாமணி நிஜம் பேசினார், அது எடுபடவில்லை. பெண்கள் ஏதோ சொல்ல எழுந்தார்கள். "உங்களுக்குள்ள நீங்க விட்டுக்குடுப்பீங்களா?" என்று அவர்களையும் அடக்கிவிட்டு, பேரை அடித்தாள்.

அஞ்சலாட்சி யாரையும் திட்டவில்லை. மணையைத் துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பத்து மணி ஆயிற்று. எல்லா மணையும் இறங்கிவிட்டது. அவளுடையது மட்டும் நின்றது. யாரும் அதைத் தொடவில்லை.

"பாத்தியா, இப்ப உன் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போச்சு" என்றது மெஷின்.

"போச்சு" என்றது மணை. "அவளை வீட்டுக்கு அனுப்பி ஒத்துப்போக வச்சுட்ட."

மெஷினுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அதன் வாய் குறைந்தது. காலையில் ஒவ்வொரு விரல் வரும்போதும் அவளாக இருக்கக் கூடாதா என்று பார்த்தது. தப்பு தன்னுடையதுதானோ என்று பயமாக இருந்தது. அதைச் சொல்லவும் வழியில்லை. இருப்பது இரண்டு வார்த்தை.

ஒரு மாதம் கழித்து முதலாளியம்மா வரும் நாள் பார்த்து அஞ்சலாட்சி வந்தாள். இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் மணையையாவது கொண்டுபோகலாம் என்று வந்தாள். முதலாளியம்மாவும் அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். அஞ்சலாட்சி அவளைக் கவனிக்கவில்லை. பழக்கதோஷத்தில் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். மெஷினின் நினைவில் இருந்து அவள் பேரை எடுக்க டவுனிலிருந்து வரவேண்டிய ஆள் இன்னும் வந்தபாடில்லை.

'தேங்க் யூ!'

மெஷினே திடுக்கிட்டுப் போயிற்று. கொட்டகையில் கட்டைச் சத்தம் நின்றது.

"இதென்ன?" என்றாள் முதலாளியம்மா.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றாள் அஞ்சலாட்சி. இத்தனை நாள் அடக்கியது குரலில் உடைந்தது. "நாள் தவறாம வேலைக்கு வந்தேன், வரலன்னுச்சு. ஒரு மாசம் வேலையில்லாம வீட்ல கிடந்துட்டு வரேன், வந்துட்டேன்னுது."

முதலாளியம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். புதுத் தோலில் ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. பிறகு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த செந்தாமரையின் கையைப் பார்த்தாள். விரல் நுனி கறுத்து, உரிந்து, வழுவழுவென்று இருந்தது.

"கொட்டை ஓட்டுல இருக்கற எண்ணெய்ம்மா" என்றாள் செந்தாமரை. "தோலையே உரிச்சிடும். மழைக்கு மூடனா வளரும். தெறந்தா போயிடும். அஞ்சலாட்சிக்கா எங்களை மாதிரி ரெண்டு பங்கு உடைக்கும், அதான் மொதல்ல போச்சு."

முதலாளியம்மா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதில் ரேகை அச்சடித்த மாதிரி இருந்தது. சட்டென்று விரலை மடக்கிக்கொண்டாள்.

"தப்பு என்னுது அஞ்சலாட்சி. போயி உன் மணையப் போடு."

'என்னுதும்தான்' என்று சொல்ல மெஷின் தவித்தது. ஆனாலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்போதே இறங்கிவிட்டது. மணைக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அவள் உட்கார்ந்ததும், "மெதுவா உக்காரு, முதுகு வலி" என்று பொய்யாக முனகியது.

அன்றே ஏற்பாடு மாறியது. பத்து மணிக்குச் சுவரோடு நிற்கும் மணைகளை தெய்வசிகாமணியும் இரண்டு பெண்களும் சேர்ந்து எண்ணவேண்டும். ஒரு மணை இரண்டாம் நாளும் நின்றால் கம்பெனியிலிருந்தே ஆள் போய் வீட்டில் என்ன கஷ்டமென்று கேட்கவேண்டும். கைக்குத் தடவ விளக்கெண்ணெய் டின் டின்னாக வந்து இறங்கியது. மெஷின் வாசலிலேயே இருந்தது, ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்.

அஞ்சலாட்சி மட்டும் தினமும் உள்ளே போகும்போது, வேண்டுமென்றே, அதன் மேல் ஒரு விரலை வைத்துவிட்டுப் போவாள். சில நாள் 'தேங்க் யூ' வந்தது. பத்தாம் நாள் கண்ணாடியில் ஒரு வழுக்கலான மங்கல்தான் விழுந்தது.

'ட்ரை அகெய்ன்' என்றது மெஷின். கொட்டகையே சிரித்தது.

"அப்பாடா" என்றது மணையிடம், ரகசியமாக. "வந்துட்டா."