உன் பாதிக்கு ஒரு ஆள்

மில் முதலாளி அருணாசலத்தோடு பங்கு சேர்ந்து இசக்கியம்மாளின் வீட்டை வாங்குவதற்காக, மாவு விற்கும் செண்பகவடிவு தன் சேமிப்பை அவரிடம் கொடுத்திருந்தாள். விதவையான இசக்கியம்மாள் மகன் வீட்டுக்குப் போகிறாள் என்று முதலாளி சொல்லியிருந்தார். பத்திரப் பதிவன்று காலையில்தான் அவளுக்கு மகனே இல்லை, கடனுக்காக விற்றுவிட்டுப் போக்கிடமில்லாமல் நிற்கிறாள் என்று செண்பகத்துக்குத் தெரிந்தது.

"நான் விலகிக்கிறேன், மொதலாளி."

பதிவு அலுவலக வாசலில், எல்லோர் முன்னிலும் அவர் சிரித்தார். "தாராளமா விலகு. உன் பாதிக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. யாரா இருந்தாலும் சம்மதம். இல்லேன்னா பணத்தை மறந்துடு."

அவரோடு பங்கு சேர ஊரில் வேறு யாரும் துணிய மாட்டார்கள்.

செண்பகம் இசக்கியம்மாளைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். "இவங்கதான் அந்த ஆள். உங்க பாதிக்கான பணத்திலேயே கடன் அடைஞ்சிடும். மத்த பாதியில இவங்களே இருக்கட்டும்."

"விக்கிறவளே எப்படிப் பங்காளி ஆவா? அவதான் மகன்கிட்ட போறாளே!"

"எந்த மகன்கிட்ட?" என்று இசக்கியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

கூட்டம் முதலாளியையே பார்த்தது. அவர் செண்பகத்தின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதி வீட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார்.

"உனக்கு வீடு இல்லாமப் போச்சே, தாயி" என்று கலங்கினாள் இசக்கியம்மாள்.

"உங்களைத் தெருவில விட்டுட்டு அந்த வீட்டுக்குள்ள எனக்குத் தூக்கம் வருமா?" என்றாள் செண்பகம்.