விரால் குஞ்சுகளுக்கு ஒரு ஜீப்பு

தாழைக்குட்டையில் செவலாயி என்று ஒரு விரால் மீன் இருந்தது. வாய் கொஞ்சம் நீளம். அப்போதுதான் அதற்குக் குஞ்சுகள் பொரித்திருந்தன. செக்கச்செவேல் என்று ஒரு முறம் நிறையக் குஞ்சுகள்.

அந்தக் கோடையில் குட்டை வற்ற ஆரம்பித்தது. செவலாயி தலையைத் தூக்கிக் கரையில் நின்ற காட்டு விலங்குகளைப் பார்த்துச் சொன்னது:

"இன்னிக்கு என் முதுகு நனையுது. நாலு நாள் போனா வயிறு மட்டுந்தான் நனையும். அதுக்குள்ள எம்புள்ளைங்களை வற்றாமடுவுல கொண்டுபோய் விட்டுடுங்க."

வற்றாமடு பாறைமேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இடையில் ஒரு மணல் ஓடை, கல்லும் கரடுமாய் ஓர் ஏற்றம். முதலில் குன்றாண்டி என்ற காட்டெருமையின் முதுகில் தண்ணீர்ப் பானையைக் கட்டிப் பார்த்தார்கள். நாலு எட்டு வைத்ததும் பானைத் தண்ணீர் அதன் விலாவில் சிலீரென்று ஊற்றியது. குன்றாண்டிக்கு உடம்பெல்லாம் கூச்சம். துள்ளிக்கொண்டு ஓடியதில் பானை ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம். நல்லவேளை, வெறும் தண்ணீரை வைத்துத்தான் பார்த்தார்கள்.

அப்போதுதான் சடையப்பன் என்ற கரடி, வண்டி ஒன்று கட்டலாம் என்றது. சடையப்பன் லேசுப்பட்ட கரடி இல்லை. காட்டோரத்து மெக்கானிக் கொட்டகைக்கு மேலே ஒரு மரத்தில் தேனடை இருந்தது. அதற்காக மூன்று வருசம் அந்த மரத்திலேயே உட்கார்ந்திருந்த கரடி அது. தேனும் தின்றது, தொழிலும் பார்த்தது. காட்டில் எல்லோருக்கும் அது மேஸ்திரி.

பள்ளத்தில் யாரோ தள்ளிவிட்டுப் போன பழைய வண்டிகள் கிடந்தன. ஒரு ஜீப்பின் கூடும் எஞ்சினும் தேறின. உடைந்த பேட்டரி ஆட்டோவில் மோட்டார் கிடைத்தது. இரண்டையும் ஒன்றாய்க் கோத்தது சடையப்பன். சமதரையில் எஞ்சின் ஓடும், ஓடும்போதே பேட்டரிக்கும் தீனி போடும். ஏற்றம் வந்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். அதுவரைக்கும் வேலை சுத்தம்.

வம்பு அச்சில்தான் வந்தது. சக்கரங்களைத் தாங்கிச் சுற்றவைக்கிற அச்சு வேண்டுமே. பள்ளத்தில் மூன்று தினுசு கிடந்தது. லாரி அச்சு ஒன்று, நடுவில் பூசணிக்காய் மாதிரி பெரிய உருண்டையோடு. கார் அச்சு ஒன்று, மெலிசாய். ஜீப்பு அச்சு ஒரு ஜோடி, துருவேறி, பார்க்கச் சகிக்காமல்.

குன்றாண்டி லாரி அச்சுதான் என்றது. அச்சு என்றால் தன் கழுத்தைப் போல இருக்க வேண்டுமாம். முந்தின நாளே அது ஒரு தேன்கூட்டைச் சடையப்பனுக்குக் காட்டிக் கொடுத்திருந்தது.

துள்ளாயி என்ற புள்ளிமானோ கார் அச்சுதான் என்று ஒற்றைக் காலில் நின்றது. மெலிசாய் இருந்தால்தான் வேகமாம். தன் காலைப் பார்க்கச் சொல்லி நாலு தரம் நீட்டிக் காட்டியது. அதுவும் சும்மா வரவில்லை, வாய் நிறைய இலுப்பைப் பூ கொண்டுவந்திருந்தது.

தேனையும் தின்றாயிற்று, பூவையும் தின்றாயிற்று. சடையப்பன் யாரைப் பகைக்கும்? முன்னால் கார் அச்சு, பின்னால் லாரி அச்சு என்று மாட்டிவிட்டது. இரண்டுக்கும் உள்ளே இருக்கிற பல்சக்கரத்தின் பல்லை எண்ணிப் பார்க்கவில்லை.

வேலி ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது மண்ணாங்கட்டி என்ற உடும்பு. அது மெதுவாய்க் கேட்டது: "மேஸ்திரியண்ணே, பாதையை யாராச்சும் பாத்தீங்களா? மேட்டுல மூணாவது பாறை என் தோளைத் தாண்டி நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றால் ஊர்கிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்றது துள்ளாயி. மண்ணாங்கட்டி மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

ஆனால் குட்டைக்குள் ஒருத்தி சிரிக்கவில்லை.

"புள்ளைங்களை ஏத்துறது அப்புறம்," என்றது செவலாயி. "முதல்ல நீங்க மூணு பேரும் ஏறிப் போயிட்டு வாங்க. முழுசா வந்தா பாத்துக்கலாம்."

ஏறினார்கள். சடையப்பன் ஓட்ட உட்கார்ந்தது, குன்றாண்டி பின்னால் படுத்துக்கொண்டது. துள்ளாயி முன்பக்கத்து மூடியின் மேல் ஏறி, கல்யாண ஊர்வலத்தில் போவது போல நின்றது. ஓடை வரைக்கும் வண்டி கிரீச் கிரீச்சென்று அழுதுகொண்டே போனது. முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம். ஒரே வீட்டுக்குள் இரண்டு ராஜாக்கள் போல ஒன்றை ஒன்று பிடித்து இழுத்தன.

மூன்றாவது பாறை வந்தது. பின்னால் தொங்கிய பூசணிக்காய் பாறையில் நச்சென்று உட்கார்ந்தது. பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றின. சடையப்பனுக்கு ரோசம் வந்துவிட்டது. மோட்டாரை ஒரே முடுக்காய் முடுக்கியது. எஞ்சின் என்றால் உறுமி உறுமித்தான் பலம் ஏறும். மோட்டார் அப்படியில்லை, தொட்ட மாத்திரத்தில் முழுப் பலத்தையும் கொடுத்துவிடும். அவ்வளவும் முன்னால் இருந்த மெலிசு அச்சில் போய் இறங்கியது.

படக்!

அச்சு இரண்டு துண்டு. துள்ளாயி சீமைக்கருவேலம் புதருக்குள். வண்டி முட்டைமேல் உட்கார்ந்த கோழி மாதிரி பாறைமேல் உட்கார்ந்துவிட்டது.

குன்றாண்டிதான் அதைக் குட்டைக்கு இழுத்து வந்தது. அதற்குள் இரண்டு நாள் போயிருந்தது. செவலாயியின் முதுகு காய்ந்துவிட்டது. குஞ்சுகள் எல்லாம் அதன் வயிற்றுக்கடியில் ஒரு கை அகலத் தண்ணீரில் நெருக்கிக்கொண்டு கிடந்தன.  எப்போதும் ஏசுகிற செவலாயியின் வாய் சும்மா இருந்ததுதான் சடையப்பனைச் சுட்டது.

அது நேரே வேலி ஓரம் போய், "மண்ணாங்கட்டி, கொஞ்சம் நடந்து காட்டுப்பா" என்றது.

உடும்பு முன்னால் ஊர்ந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் நின்று, இது வயிறு உரசும், இது தோள் உயரம், இங்கே மணல் உள்வாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனது. சடையப்பன் ஒரு குச்சியை ஒடித்து ஒவ்வொன்றுக்கும் கீறல் போட்டது. திரும்பி வந்து அந்தக் குச்சியை மூன்று அச்சுக்கும் வைத்துப் பார்த்தது. லாரி அச்சு இடித்தது. கார் அச்சு உயரத்துக்குச் சரி, சுமைக்கு ஆகாது என்பதை முறிந்தே காட்டிவிட்டது. துருப்பிடித்த ஜீப்பு அச்சு இரண்டும் கீறலைத் தாண்டி நின்றன. இந்தத் தடவை இரண்டின் பல்லையும் எண்ணியது. ஒரே கணக்கு.

குன்றாண்டி தூக்கிப் பிடிக்க, சாயங்காலத்துக்குள் மாட்டியாயிற்று. சடையப்பன் வண்டியை மெதுவாய் இழுக்கிற கியரில் போட்டு நிறுத்தியது.

மறுநாள் விடிந்ததும், பள்ளத்தில் கிடந்த ஒரு நீலப் பீப்பாயில் மிச்சத் தண்ணீரும் குஞ்சுகளும் செவலாயியும் ஏறினார்கள். ஆமை பார்த்திருந்தால் ஒதுங்கச் சொல்லி வழி கேட்டிருக்கும், அவ்வளவு மெதுவாய்ப் போனது வண்டி. துள்ளாயியால் பொறுக்க முடியவில்லை. இறங்கி நடக்கிறேன் என்று முன்னால் போனது. மண்ணாங்கட்டி வண்டியின் முன்பக்கத்து மூடியின் மேல் படுத்து வாலால் இடம் வலம் காட்டியது. மூன்றாவது பாறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாறைக்கும் அச்சுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. நாலு சக்கரமும் ஒரே மனதாய் ஏறி இறங்கின.

வற்றாமடுவில் பீப்பாயைச் சாய்த்ததும், சிவப்புப் பட்டுத் துணியை உதறியது போலக் குஞ்சுகள் பரவின. குன்றாண்டி அச்சைத் தூக்கிய பெருமையைச் சொன்னது. சடையப்பன் பல் எண்ணிய பெருமையைச் சொன்னது. துள்ளாயி மட்டும் கரையோரம் வந்து தயங்கி நின்றது.

"அக்கா, இதுல நான் ஒண்ணுமே செய்யலையா?"

செவலாயிக்கு வாய் திரும்ப வந்திருந்தது. "ஏன் செய்யலை? நீ இறங்கி நடந்த பாரு, அந்தப் பாரம் குறைஞ்சதுலதான் நாலு விரல் இடம் கிடைச்சுது."

வண்டிக்கு எதைப் பூட்டினாலும் அது தன்னைப் போல இருக்கிறதா என்று பார்க்கிறவர் பாதி வழியில் நிற்பார், போகிற பாதைக்கும் ஏற்றுகிற சுமைக்கும் பொருந்துமா என்று பார்க்கிறவரே போய்ச் சேருவார்.