முப்பத்தொரு மொச்சை

மாசித் திருவிழாவின் மூன்றாம் நாள் காலை, ஆறு ஐம்பது பஸ்ஸில் ஏறி ஏகாம்பரம் தன் குருவைப் பார்க்கப் போனார்.

ஏகாம்பரத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. நாயனத்தில் அவர் பெயரைக் கேட்காத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. குருவின் வாசலை மிதித்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அவர் மடியில் நாயனப் பை. சட்டைப் பையில் ஒரு தகர டப்பா, அதில் ஐந்து சீவாளிகள். வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்னத் துண்டுதான் நாயனத்துக்கு நாக்கு. ஐந்துமே கெட்டுப்போய்விட்டன என்று இரண்டு நாளாக அவருக்குச் சந்தேகம்.

குரு ஆனந்தவல்லி அம்மாளுக்கு எழுபத்திரண்டு. முன்பல் போன பிறகு வாசிப்பதை விட்டு ஒன்பது வருஷம். கூடத்தில் முறத்தை முன்னால் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா. காப்பி குடிக்கிறியா?"

"வேண்டாம்மா. ஒரு கேள்வி கேக்கணும்."

"குடிச்சிட்டுக் கேளு."

குடித்துவிட்டுக் கேட்டார். "பேர் வாங்கின ரெண்டு பேர் ஜோடியா வாசிக்க முடியுமாம்மா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. இன்னிக்கே மூட்டையைக் கட்டிடறேன்."

"உன்கூட யாரு?"

"கலியமூர்த்தி."

"அடேயப்பா. யாரு போட்ட முடிச்சு அது?"

"கோயில் கமிட்டி."

அம்மாள் ஒரு காயை உடைத்தார். "சபாபதி?"

"வீட்ல இருக்கான். பத்து நாள் ஓய்வெடுன்னு சொல்லிட்டு வந்தேன்."

சபாபதி ஏகாம்பரத்தின் மனைவிக்குத் தம்பி. அவரும் இதே கூடத்தில் படித்தவர்தான். இருபத்தாறு வருஷமாக ஏகாம்பரத்தின் இடப்பக்கம் நின்று இரண்டாவது நாயனம் வாசிக்கிறார். நோட்டீஸில் அவர் பெயர் வந்தால் கடைசி வரியில் வரும், பல தடவை வராது. இந்த வருஷம் இரண்டு பெரிய வித்வான்கள் போதும், மூன்றாவது ஆள் வேண்டாம் என்று கமிட்டி சொன்னது. ஏகாம்பரம் அதைச் சொன்னபோது சபாபதி "சரி அத்தான்" என்றார். எதற்கும் அவர் சொல்வது அதுதான்.

"நடந்ததைச் சொல்லு" என்றார் அம்மாள்.

வருஷா வருஷம் ஏகாம்பரம் வாசிக்கும் அந்தத் திருவிழா ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பல்லக்கைப் பதினாறு பேர் தூக்குவார்கள். நாயனம் கேட்கும் வரைதான் அவர்கள் கால் எடுத்து வைப்பார்கள். நாயனம் அறுந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். தவில் முழங்கினாலும் சரி, சுருதிப் பெட்டி பாடிக்கொண்டே இருந்தாலும் சரி, அதற்கெல்லாம் பல்லக்கு நகராது. நிற்கும்போது பல்லக்கைக் கீழே இறக்கவும் கூடாது. தோளில் வைத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

முதல் நாள் ஏகாம்பரமும் கலியமூர்த்தியும் போட்டி போட்டு வாசித்தார்கள். இவர் ஒரு பிடி பிடித்தால் அவர் இரண்டு பிடித்தார். கூட்டம் கை தட்டியது. ஆனால் கீழவீதியில் மட்டும் நாயனம் ஏழு தடவை அறுந்தது. இருவரும் உச்சிக்குப் போய் ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினார்கள். ஏழு தடவையும் பதினாறு பேர் நின்றார்கள். அப்படி அறுவது ஏகாம்பரத்துக்கு இதுவரை நடந்ததே இல்லை. சீவாளியை மாற்றினார். மறுபடி அறுந்தது. மறுபடி மாற்றினார்.

பல்லக்கு இறங்கியதும், தூக்குகிறவர்களில் மூத்தவரான சிங்காரவேலு துண்டை விலக்கித் தோளைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது.

"ஏண்ணே, நாயனம் வாசிக்க வந்தீங்களா, எங்க தோளை வாசிக்க வந்தீங்களா?"

அன்று இரவு ஏகாம்பரம் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய மனுஷன் விட்டுக்கொடுக்க வேண்டும். நாளைக்கு ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம், கலியமூர்த்தி வாசிக்கட்டும் என்று நினைத்தார்.

கலியமூர்த்தியும் அதையே நினைத்திருக்கிறார். அது இவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் நாள் கீழவீதியில் இருவரும் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். சரி, அவர் எடுக்க மாட்டார் என்று இவர் எடுத்தால், அதே நொடியில் அவரும் எடுத்தார். இருவரும் "நீங்க, நீங்க" என்பதுபோல் நிறுத்தினார்கள். பல்லக்கு நின்றது. அன்றைக்கு ஒன்பது தடவை.

"வித்வான்களுக்கு ராகம் மறந்துபோச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டது ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது.

அன்று இரவு கமிட்டித் தலைவர் அவர்கள் தங்கியிருந்த சத்திரத்துக்கே வந்து கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார். "மூணாம் நாளும் இப்படின்னா, நாலாம் நாள்லேர்ந்து ரேடியோ செட்காரனை நாயன இசைத்தட்டு போடச் சொல்லிடறோம். மனசுல வச்சுக்காதீங்க."

"தட்டு போடப் போறாங்களாம்மா" என்றார் ஏகாம்பரம். "முப்பது வருஷம் வாசிச்சவன் நான். முதல் நாள் நானும் வாசிச்சேன், அவரும் வாசிச்சார், அறுந்துது. ரெண்டாம் நாள் நானும் விட்டேன், அவரும் விட்டார், அப்பவும் அறுந்துது. வாசிச்சாலும் தப்பு, வாசிக்காட்டியும் தப்புன்னா, என்னதான் பண்றது? எனக்கு ஒண்ணும் பிடிபடலை."

அம்மாள் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கிண்ணத்தைக் காலி செய்து முறத்தின் ஓரத்தில் வைத்தார்.

"எடு. சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பியே, அந்த மல்லாரியை வாசி."

ஏகாம்பரம் உட்கார்ந்து வாசித்தார். ஆறு நிமிஷம். நன்றாகத்தான் வாசித்தார், ஆனால் அவருக்கே என்னவோ போலிருந்தது. அங்கங்கே ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. கூடத்தின் கூரை தாழ்வு, அதனால் இருக்கும் என்று நினைத்தார். அம்மாள் தலை நிமிரவில்லை. மொச்சை உரித்துக்கொண்டே, நடு நடுவே ஒரு பருப்பை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

முடித்ததும் அம்மாள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எண்ணு."

எண்ணினார். முப்பத்தொன்று.

"நீ வாங்கின மூச்சு."

"முப்பத்தொண்ணா? இருக்காதும்மா." அவர் மறுபடி எண்ணினார். முப்பத்தொன்றுதான். "எனக்கு மூச்சு நீளம்னு ஊரே சொல்லும். கீழவீதியை ஒரே மூச்சுல கடப்பான்னுதான் சொல்வாங்க. இது பஸ்ல வந்த அலுப்பு."

"இருக்கும்" என்றார் அம்மாள். "கலியமூர்த்திக்கு எத்தனை?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு நாள் பக்கத்துலதானே நின்ன?"

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தார். கலியமூர்த்தியின் மோதிரம் நினைவுக்கு வந்தது. எத்தனை கைதட்டல் என்பதும் வந்தது: முதல் நாள் இவருக்குப் பதினொன்று, அவருக்கு ஒன்பது. அவர் எங்கே மூச்சு வாங்கினார் என்பது மட்டும் வரவில்லை.

"எண்ணிட்டு வா" என்றார் அம்மாள்.

"அவர் மூச்சை எண்ணிக்கிட்டிருந்தா நான் எப்பம்மா வாசிக்கிறது?"

"எட்டரை பஸ்ஸை விட்டா அடுத்தது பத்தேகாலுக்குத்தான்."

ஏகாம்பரம் எழுந்து போனார். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. பஸ்ஸில் வழி நெடுக, அம்மாளுக்கு வயதாகிவிட்டதோ என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மாலை பல்லக்கு எழுந்ததும், அவர் கலியமூர்த்தியின் மூச்சை எண்ண ஆரம்பித்தார்.

முதல் பத்து எண்ணுவதற்குள் தடுமாறிப்போனார். காதால் எண்ண முடியவில்லை. அதனால் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. மூச்சு வாங்குவதற்குச் சற்று முன்னால் கலியமூர்த்தியின் இடது தோள் ஒரு விரற்கடை ஏறுகிறது. இருபது எண்ணியபோது இன்னொன்று தெரிந்தது. இந்த மனிதருக்கு மூச்சு போதவில்லை. மேல் ஷட்ஜத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுச் சளியில் நாற்பது நாள் படுத்திருந்தார் என்று கேள்விப்பட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மின்னல் வெட்டும் பிடிகள் எல்லாம், தீர்ந்த மூச்சை மறைக்கப் போட்ட திரை.

தோள் ஏறியது. ஏகாம்பரம் யோசிக்கவில்லை. கலியமூர்த்தி விட்ட அதே ஸ்வரத்தை, அதே கனத்தில், அடியிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டார். கலியமூர்த்தி மூச்சு வாங்கித் திரும்பி வந்ததும், வந்த சுவடு தெரியாமல் விலகினார். தன் மூச்சை அவர் வாசிக்கும் நேரத்தில் வாங்கிக்கொண்டார். மறுபடி தோள். மறுபடி பிடித்தார்.

கீழவீதி கடக்க இருபத்தைந்து நிமிஷம். பல்லக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தெருமுனையில் பல்லக்கு இறங்கியதும் கூட்டம் கலியமூர்த்தியைச் சூழ்ந்துகொண்டது.

"என்னா மூச்சு! என்னா மூச்சு! வீதி பூரா ஒரே மூச்சு!"

கமிட்டித் தலைவர் கலியமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்தினார். ஏகாம்பரத்தைப் பார்த்து, "நீங்களும் நல்லா ஒத்துழைச்சீங்க" என்றார்.

கலியமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னிக்குத்தான் அண்ணே என் சீவாளி பேசுச்சு. ரெண்டு நாளா படுத்தி எடுத்துருச்சு."

ஏகாம்பரம் அவர் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

சிங்காரவேலு தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "தோள் தப்பிச்சுது சாமி. ஆனா ஏண்ணே, உடம்பு சரியில்லையா? உங்க சத்தமே கேக்கலையே. இன்னிக்கு நீங்க வாசிக்கவே இல்ல போலிருக்கே?"

அன்று ராத்திரி சத்திரத்தில் ஏகாம்பரத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு இட்லி வைத்தார்கள். ஒன்றை மீதம் வைத்தார்.

நான்காம் நாள் காலை, அதே ஆறு ஐம்பது பஸ்.

அம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு முறத்தில் அரிசி.

"அறுபடலைம்மா. ஒரு தடவைகூட."

"நல்லது."

"இருநூத்திப் பன்னெண்டு. கலியமூர்த்திக்கு."

"எண்ணிட்டியே."

"எண்ணிட்டேன். ஆனா ஒண்ணுமே புரியலைம்மா. நேத்து வந்தப்பவாவது கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருந்துது." ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்தார். "நேத்து வாசிச்சது யாரு? அவரா, நானா? அவருக்கு மூச்சு நீளம்னு ஊரே கூத்தாடுது. அதுல பாதி என் மூச்சு. அது அவருக்கே தெரியலை. சீவாளி பேசுச்சாம், சீவாளி! பொன்னாடை அவருக்கு. எனக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறான் பல்லக்குத் தூக்கறவன். போய்ச் சொல்லிடலாமான்னு தோணுது. சொன்னா கேவலம். சொல்லாம இருந்தா நெஞ்சு எரியுது. இன்னும் ஏழு நாள் இருக்கு. ஏழு நாளும் நான் இல்லாத மாதிரியே நிக்கணுமா? முப்பது வருஷம் வாங்கின பேர் என்ன ஆறது? இதுக்குப் பேர் ஜோடியா?"

அம்மாள் அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார். எழுந்து, அடுப்படி மாடத்திலிருந்து அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். மொச்சைப் பருப்பு அப்படியே இருந்தது. அதை ஏகாம்பரத்தின் உள்ளங்கையில் கொட்டினார்.

"இது எதுக்கும்மா?"

"நேத்து நீ ஒத்தையா வாசிச்சப்ப வாங்கினது. கீழவீதியை நீ ஒரே மூச்சுல கடப்பேன்னு சொல்வாங்களே, அது எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு வரு..."

ஏகாம்பரம் பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த பருப்பில் இரண்டு உருண்டு தரையில் விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

அம்மாள் மறுபடி முறத்தின் முன்னால் உட்கார்ந்தார். அரிசியைக் கையால் பரப்பிக்கொண்டே சொன்னார்.

"சபாபதியும் எங்கிட்டதான் படிச்சான். இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட அவன் இந்தக் கேள்வியோட பஸ் ஏறி வந்ததில்ல."